கைமாறும் பென்டிரைவும் கணினிப் புழுவும்

ஒரு காலத்தில் கணினி என்பது பெருநகர அலுவலகங்களுக்கு மட்டுமே உரிய பொருளாக இருந்தது. இன்று அது தோட்டத்து வீட்டிலும் தமிழ்ப்பள்ளியிலும் ஆலய அலுவலகத்திலும் அன்றாடக் கருவியாகிவிட்டது. மலாக்கா மாநிலத்தில் ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ், மஸ்ஜித் தானா ஆகிய பட்டணங்களையும் அவற்றைச் சுற்றியுள்ள தோட்டங்களையும் எடுத்துக்கொண்டால், மாணவரின் இடுபணி முதல் சங்கத்தின் கணக்கு வரை பலவும் கணினியிலேயே எழுதப்படுகின்றன. அவற்றை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்ல நாம் பயன்படுத்தும் சிறு கருவியே பென்டிரைவ். இதனை விரலி என்றும் கூறுவர். கட்டை விரல் அளவே உள்ள இக்கருவி நம் ஆவணங்களோடு ஒரு தீங்கையும் சுமந்து செல்லக் கூடும். அத்தீங்கின் பெயர் கணினிப் புழு.

புழு என்பது யாது?

கணினிக்கு இடப்படும் கட்டளைகளின் தொகுப்பை நிரல் என்கிறோம். கணினிப் புழுவும் ஒரு நிரலே. ஆயினும் தீய நோக்குடன் எழுதப்பட்டது. தன்னைத் தானே நகலெடுத்து, ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குத் தாவுவதே இதன் இயல்பு. நச்சுநிரல் வேறொரு நிரலையோ கோப்பையோ ஒட்டிக்கொண்டு வாழும். புழுவோ தனித்தே இயங்க வல்லது. இணையத்தின் வழியாகவும் இது பரவும். பென்டிரைவின் வழியாகவும் பரவும்.

தோட்டத் தொழிலாளர்க்கு இதனை விளங்கவைக்க ரப்பர் மரத்தின் வெள்ளை வேர் நோயே தக்க உவமை. 1896ஆம் ஆண்டில் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்ட நாள்முதல் ரப்பரோடு உறவு கொண்டது மலாக்கா மண். வெள்ளை வேர் நோய் நோயுற்ற வேர், நல்ல வேரைத் தொடும் இடத்தில் பரவுகிறது. மண்ணுக்குள் வெண்ணிற இழைகளாகப் படர்ந்து, வெளியே தெரியாமல் வேரை அரிக்கிறது. இலை மஞ்சளிக்கும் வேளையில் வேர் பெரும்பாலும் அழிந்திருக்கும். பழைய அடிக்கட்டையை மண்ணில் விட்டுவிட்டுப் புதுக் கன்றை நட்டால், அக்கட்டையிலிருந்தே நோய் மீண்டும் தொற்றும். கணினிப் புழுவும் இத்தகையதே. பென்டிரைவே இங்குத் தொடும் வேர். தூய்மை செய்யப்படாத கணினியே அடிக்கட்டை.

நெகிழ்வட்டுக் காலத்துப் பாடம்

கையால் சுமந்து செல்லும் கருவியின் வழியாகத் தீங்கு பரவுவது புதிதன்று. 1986ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் லாகூர் நகரில் கணினிக் கடை நடத்திய சகோதரர் இருவர், தாம் எழுதிய மருத்துவ நிரலைப் பிறர் திருட்டுத்தனமாக நகலெடுப்பதைத் தடுக்க எண்ணி ஒரு நச்சுநிரலை எழுதினர். பிரெய்ன் எனப் பெயர் பெற்ற அது நெகிழ்வட்டுகளின் வழியாகக் கைமாறிக் கைமாறிக் கடல் கடந்தது. இணையம் மக்களிடையே பரவாத அக்காலத்திலும் அது வெளிநாடுகளை அடைந்ததற்குக் காரணம், மனிதர் ஒருவருக்கொருவர் வட்டுகளை இரவல் கொடுத்ததேயாகும்.

2000ஆம் ஆண்டளவில் நெகிழ்வட்டின் இடத்தைப் பென்டிரைவ் பிடிக்கத் தொடங்கியது. இதன் வளர்ச்சியில் நம் நாட்டவர்க்கும் பங்குண்டு. சிலாங்கூர், செகிஞ்சானில் பிறந்த புவா கெய்ன் செங், தாய்வானில் நண்பர்களுடன் சேர்ந்து நிறுவிய ஃபைசன் நிறுவனம், இக்கருவிக்குரிய கட்டுப்பாட்டுச் சில்லை உருவாக்கிப் புகழ் பெற்றது. கருவி நல்லதே, பயன்படுத்தும் முறையில்தான் விழிப்பு வேண்டும்.

புழு நுழையும் மூன்று வழிகள்

முதல் வழி, தானியங்கும் வசதி. முன்னாளைய விண்டோஸ் கணினிகளில் வட்டையோ பென்டிரைவையோ செருகியவுடன், அதிலுள்ள ‘ஆட்டோரன்’ என்னும் சிறு குறிப்பைக் கணினி படித்து, அதில் கண்டவாறு நடந்துகொள்ளும். புழுவை எழுதியோர் அக்குறிப்பில் தம் கட்டளையைப் புகுத்தினர். 2008ஆம் ஆண்டு நவம்பரில் தோன்றிய கான்ஃபிக்கர் என்னும் புழு இதற்குச் சான்று. விண்டோஸிலிருந்த ஒரு குறைபாட்டை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதற்கு முந்திய மாதமே வெளியிட்டிருந்தது. அதனைப் பொருத்தாத கணினிகளில் கான்ஃபிக்கர் வலையமைப்பின் வழியே புகுந்தது. அதன் அடுத்த வடிவமோ பென்டிரைவிலும் ஏறிக்கொண்டது. பென்டிரைவைச் செருகினால் ‘கோப்புறையைத் திறக்க’ என்பது போன்ற போலிக் குறி ஒன்று திரையில் தோன்றும். அதனை அழுத்தினால் புழு இயங்கும். 190க்கும் மேற்பட்ட நாடுகளில் பல மில்லியன் கணினிகளை அது பற்றியது. 2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகர மன்றம் இதனால் நிலைகுலைந்தது. போக்குவரத்து அபராதச் சீட்டுகளைக்கூட உரிய காலத்தில் அனுப்ப இயலாமற் போயிற்று. சீர்செய்ய ஏறக்குறைய 15 இலட்சம் பவுன் செலவாயிற்று. 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில், பழைய விண்டோஸ் கணினிகளிலும் பென்டிரைவுக்குரிய தானியங்கும் வசதியை நீக்கும் திருத்தம் பரவலாக அனுப்பப்பட்டது.

இரண்டாம் வழி, மென்பொருளின் குறைபாடு. 2010ஆம் ஆண்டு ஜூனில் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் புழு இவ்வழியைக் கையாண்டது. எந்தக் கோப்பையும் திறக்க வேண்டியதில்லை. பென்டிரைவிலுள்ள சின்னங்கள் திரையில் தோன்றினாலே போதும், புழு உள்ளே புகுந்துவிடும். ஈரானின் அணுத் தொழிற்கூடத்து இயந்திரங்களைக் குலைப்பதற்காக அது ஏவப்பட்டது. இணையத்தோடு இணைக்கப்படாத கணினிகளையும் அது அடைந்தது. பென்டிரைவ் இருந்தமையால் இணையம் தேவைப்படவில்லை. ஆயினும் அது ஈரானோடு நிற்கவில்லை. அதே ஆண்டில் சைமன்டெக் நிறுவனம் எடுத்த கணக்கின்படி, பாதிப்புற்ற கணினிகளில் ஈரானுக்கு அடுத்து அதிகமாக இருந்தவை நம் அண்டை நாடான இந்தோனேசியாவிலும், அதற்கு அடுத்து இந்தியாவிலுமே. வேறொருவர்க்கு வைத்த குறி நம் வாசல்வரை வந்தது என்பதே இதிலுள்ள படிப்பினை.

மூன்றாம் வழி, நம் கண்ணை ஏமாற்றுவது. புழு, பென்டிரைவிலுள்ள உண்மையான கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் குறுக்குவழிச் சின்னங்களை வைக்கும். ‘கணக்கு’ என்ற பெயரைக் கண்டு நாம் அழுத்துகிறோம். முதலில் புழு இயங்குகிறது. பிறகு உண்மையான கோப்புறையும் திறக்கிறது. ஆகவே நமக்கு ஐயம் எழுவதில்லை. தானியங்கும் வசதி நீக்கப்பட்ட பின்னரும் புழுக்கள் மறையாததற்கு இதுவே காரணம். 2021ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட ராஸ்பெரி ராபின் என்னும் புழுவும் பென்டிரைவிலுள்ள குறுக்குவழிச் சின்னத்தின் வழியாகவே பரவியது.

நல்லெண்ணமும் வழியாகும்

மூன்றாம் வழியில் கதவைத் திறந்துவிடுவது நம் கையே. ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் வாழும் மாணவி ஒருவர், தம் இடுபணியை அச்சிடப் பட்டணத்துப் போட்டோஸ்டாட் கடைக்குச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அக்கடைக் கணினியில் நாள்தோறும் பலருடைய பென்டிரைவுகள் செருகப்படுகின்றன. அங்கிருந்த புழு அவருடைய பென்டிரைவில் ஏறுகிறது. மறுநாள் பள்ளிக் கணினியில் அதனைச் செருகுகிறார். ஆசிரியர் தம் பென்டிரைவை அதே கணினியில் செருகி மதிப்பெண் பட்டியலை வீட்டுக்குக் கொண்டுசெல்கிறார். மாலையில் அதே பென்டிரைவில் ஆலயத் திருவிழாக் கணக்கு ஏறுகிறது. இரண்டே நாளில் கடை, பள்ளி, வீடு, ஆலயம் என நான்கு இடங்களிலும் புழு குடியேறிவிடுகிறது. இவர்களுள் எவரும் தீங்கு நினைத்தவரல்லர்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் நிகழ்ந்த ஓர் ஆய்வும் இவ்வுண்மையை மெய்ப்பிக்கிறது. 2016ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வில் 297 பென்டிரைவுகள் வேண்டுமென்றே ஆங்காங்கே போடப்பட்டன. ஏறக்குறைய எல்லாவற்றையும் யாரேனும் எடுத்தனர். குறைந்தது 45 விழுக்காட்டில் உள்ள கோப்புகள் திறக்கப்பட்டன. உரியவரைக் கண்டுபிடித்துத் திருப்பித் தரவே திறந்ததாகப் பலர் கூறினர். நல்லெண்ணத்தையே வழியாக்கிக்கொள்வது புழுவின் சூழ்ச்சி.

இழப்பு யாது?

புழு தனித்து வருவது அரிது. கடவுச்சொற்களைத் திருடும் நிரலையோ, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணயப் பணம் கேட்கும் நிரலையோ அது பின்னர் உள்ளே வரவழைக்கக் கூடும். நம் கணினிகளில் இருப்பவை எவை? அடையாளக் கார்டின் படிவம், ஊழியர் சேமநிதி விவரம், வங்கிக் கணக்கு, சங்க உறுப்பினர் பட்டியல், மறைந்த பெற்றோரின் நிழற்படங்கள். இவற்றுள் சிலவற்றைப் பணம் கொடுத்தும் மீட்க இயலாது. நகல் ஒன்றே வைத்திருக்கும் எளிய குடும்பத்திற்கு இவ்விழப்பு மேலும் பெரிது.

காத்துக்கொள்ளும் முறைகள்

1. பிறர் கணினியில் செருகிய பென்டிரைவை, வீடு திரும்பியதும் முதலில் சோதியுங்கள். விண்டோஸிலேயே டிஃபெண்டர் என்னும் காவல் நிரல் உள்ளது. பென்டிரைவின் சின்னத்தின் மீது சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தினால் சோதிக்கும் வசதி தோன்றும்.

2. கணினி அமைப்புகளில் ‘ஆட்டோபிளே’ என்பதை நிறுத்தி வையுங்கள்.

3. கோப்புப் பெயரின் இறுதிப் பகுதியும் மறைந்துள்ள கோப்புகளும் தெரியுமாறு அமையுங்கள். கோப்புறையின் மூலையில் சிறு அம்புக்குறி இருந்தால் அது குறுக்குவழிச் சின்னமே. பென்டிரைவில் அதற்கு வேலையில்லை. அதனை அழுத்தாதீர்கள்.

4. கடையில் அச்சிடுவதற்கெனத் தனிப் பென்டிரைவ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் அச்சிட வேண்டிய கோப்பு மட்டும் இருக்கட்டும். மின்னஞ்சல் வழி அனுப்ப இயலுமாயின் அதுவே மேல்.

5. கணினிக்கு வரும் திருத்தங்களை ஒத்திப்போடாதீர்கள். விண்டோஸ் 10க்குரிய வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது என்பதைப் பழைய கணினி வைத்திருப்போர் கருத்தில் கொள்ள வேண்டும்.

6. முதன்மையான ஆவணங்களுக்கு இரண்டு நகல்களேனும் வையுங்கள். ஒன்று கணினியோடு இணைக்கப்படாமல் தனியே இருத்தல் வேண்டும்.

7. வழியில் கண்டெடுத்த பென்டிரைவை எக்காரணம் கொண்டும் செருகாதீர்கள்.

புழு நுழைந்துவிட்டால்

கோப்புறைகள் அனைத்தும் மறைந்து, குறுக்குவழிச் சின்னங்கள் மட்டும் தெரிந்தால் அஞ்சிப் பென்டிரைவை உடனே அழித்துவிட வேண்டா. பெரும்பாலும் கோப்புகள் மறைக்கப்பட்டிருக்குமேயன்றி அழிந்திரா. கணினி அறிந்தவர் அவற்றை வெளிக்கொணர இயலும். முதலில் கணினியை இணையத்திலிருந்து துண்டித்துத் தூய்மை செய்க. பின்னர் பென்டிரைவைத் தூய்மை செய்து, ஆவணங்களை மட்டும் மீட்டு, அதன் பின்னரே பென்டிரைவை முற்றாக அழித்துப் புதிதாக்குக. கடவுச்சொற்களைத் தூய்மையான வேறொரு கணினியிலிருந்து மாற்றுக. அந்தப் பென்டிரைவ் சென்ற இடங்கள் அனைத்திற்கும் செய்தி சொல்லுங்கள். ஓரிடத்தில் மட்டும் தூய்மை செய்து மற்றோரிடத்தை விட்டுவிட்டால், அடிக்கட்டையை விட்டுக் கன்று நட்ட கதையாகும். அறிவுரை வேண்டுவோர் சைபர் செக்யூரிட்டி மலேசியாவின் ‘சைபர்999’ உதவி மையத்தை 1-300-88-2999 என்ற எண்ணில் நாடலாம்.

புழு தாக்கியதை வெட்கமாகக் கருதி மறைப்போர் உளர். வெள்ளை வேர் நோய் கண்ட மரத்தைக் காட்டிக்கொடுப்பது வெட்டுத் தொழிலாளிக்கு இழுக்கன்று. அதுவே பக்கத்து மரங்களைக் காக்கும். அதுபோல உடனே சொல்பவரே தம் பள்ளியையும் சங்கத்தையும் காப்பவர். பெற்றோரும் ஆசிரியரும் சங்கப் பொறுப்பாளரும் இதனை இளையோர்க்கு எடுத்துக் கூறுவார்களாக. பென்டிரைவைக் கொடுக்குமுன் சோதிப்போம், வாங்கியபின்னும் சோதிப்போம்.