தொப்பூர் ஏற்றத்தில் கொதித்த கார்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தருமபுரி போகும் வழியில், தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் கார் கொதித்து நின்றதையும், ஒர்க் ஷாப்பில் 74,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்ததையும் எழுதிவிட்டு, கடைசியில் "கெட்டே போகாத கம்பெனி எது சார்? அடுத்த தடவை அதையே வாங்கிவிடுகிறேன்" என்று கேட்டிருக்கிறாய். சம்பாதிக்கத் தொடங்கிய வயதில் இவ்வளவு பணம் ஒரே நாளில் போவது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஆட்டோமொபைல் படித்தவன் கேட்கிற கேள்வியா இது?

நடுவில் போகிற போக்கில் நீ எழுதிய ஒரு வரிதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆறு மாதமாக கூலன்ட் டப்பாவில் அளவு குறையும்போதெல்லாம் வீட்டு போர்வெல் தண்ணீரை ஊற்றி வந்தாயாம். "நம்ம ஊர் என்ன காஷ்மீரா, கூலன்ட் எதற்கு" என்று மெக்கானிக் சொன்னாராம். கம்பெனியைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் இந்தத் தண்ணீர்.

அந்த மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. நம் சமவெளியில் ரேடியேட்டர் ஒருநாளும் உறையாது. வெப்பத்தை வாங்கிச் சுமப்பதில் வெறும் தண்ணீருக்கு நிகரும் இல்லை. கூலன்ட்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைகாலைப் பாதி கலந்தால் அந்தத் திறன் கொஞ்சம் குறையவே செய்கிறது. ரேடியேட்டர் மூடி 1.1 பார் அழுத்தம் தாங்குமானால் தண்ணீர் சுமார் 120 டிகிரியில் கொதிக்கும், பாதிக்குப் பாதி கலவை சுமார் 130 டிகிரியில் கொதிக்கும். இந்தப் பத்து டிகிரி பெரிய லாபம் இல்லை என்று யாராவது வாதாடினால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். கூலன்ட்டை ஊற்றச் சொல்வதற்குக் காரணம் அதில் கரைந்திருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்துகள். பாட்டிலின் மேல் உறைநிலையைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பதால் இதை யாரும் கவனிப்பதில்லை.

தண்ணீர் ஊற்றும் பழக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அம்பாசடரிலிருந்து. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அடியொற்றி வந்த அந்த வண்டியில் நெடுங்காலம் ஓடிய பி.எம்.சி. இன்ஜினில் பிளாக்கும் வார்ப்பிரும்பு, அதை மேலே மூடும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். எந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினாலும் பல வருடம் தாங்கும். உப்புப் படிந்து அடைத்துக்கொண்டால், ரேடியேட்டர் கடைக்காரர் மேல்தொட்டியின் பற்றை உருக்கிக் கழற்றி, குழாய்களில் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்து, மறுபடி பற்றவைத்துக் கொடுத்துவிடுவார். அன்றைய ஓட்டுநர்கள் தண்ணீர்க் கேனோடுதான் மலையேறினார்கள். அவர்களிடம் தொழில் கற்றவர்களிடம் கற்றவர்கள் இன்று தெருமுனையில் ஸ்பேனர் பிடிக்கிறார்கள். வண்டி மாறிய பிறகும் பழைய பாடமே நடக்கிறது.

உன் தாத்தா "அம்பாசடர் மாதிரி உறுதி வருமா" என்கிறாராம். அவரிடம் மரியாதையாக ஒன்று கேள்: பாயின்ட் தேய்ந்து வண்டி கிளம்பாமல் எத்தனை காலை தள்ளினார்கள், எத்தனை தடவை ஹெட்டைக் கழற்றிக் கரி எடுத்தார்கள், கிரீஸ் அடிக்க எத்தனை முறை குழிக்குள் இறங்கினார்கள்? அது அடிக்கடி கெட்ட வண்டி. கெட்டபோது மலிவாகச் சரியான வண்டி. இந்த இரண்டு குணத்தையும் ஒன்றாக்கிப் பேசுவதைக் கேட்டால் எனக்குப் பொறுப்பதில்லை.

இன்றைய காருக்கு வா. ஹெட் அலுமினியம். ரேடியேட்டரும் மெல்லிய அலுமினியக் குழாய்கள், இரு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டிகள். பற்றவைத்துத் திறந்து மூடுகிற வேலைக்கு அதில் இடமே இல்லை. போர்வெல் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகளும் குளோரைடும் இருக்கின்றன. உப்பு எங்கே முதலில் படியும்? எங்கே சூடு அதிகமோ அங்கே. அதாவது ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள நீர்ப்பாதையில். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் அந்தப் படிவு வெப்பத்தைக் கடத்தவே கடத்தாது என்று சொல்லலாம். குளிர்ச்சி எங்கே மிக அவசியமோ அங்கேயே தடுப்புச்சுவர் எழும்புகிறது. குளோரைடு அலுமினியத்தில் குழிகுழியாக அரிக்கிறது. அரித்த உலோகம் வெள்ளைக் குழம்பாகி ரேடியேட்டர் குழாய்களை அடைக்கிறது. வாட்டர் பம்ப்பின் சீல் தேய்கிறது. இவ்வளவும் சத்தமில்லாமல் நடக்கும். வண்டி நன்றாக ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஒரு நாள் தொப்பூர் ஏற்றம் வருகிற வரை.

அன்றைக்கு என்ன நடந்தது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான் நீளும். வார்ப்பிரும்பு அதில் பாதிதான். 350 மில்லிமீட்டர் நீள ஹெட் வழக்கத்தைவிட 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் 0.8 மில்லிமீட்டர் நீளப் பார்க்கும். இரும்பு பிளாக் 0.4-க்குக் கீழேதான் நீளும். போல்ட்டுகள் ஹெட்டை நீளவிடாது. நீள முடியாத உலோகம் வளையும். பல சிறிய இன்ஜின்களின் கையேடுகளில் ஹெட்டின் தட்டைத்தன்மைக்கு அனுமதித்த வரம்பு 0.05 மில்லிமீட்டர். 0.4-ஐயும் 0.05-ஐயும் பக்கத்தில் எழுதிப் பார். பிளாக்கும் அலுமினியமாக இருந்தால் தப்பிவிடலாம் என்று நினைக்காதே. மேலே கொதித்துக் கீழே ஆறியிருந்தாலே வளைவதற்குப் போதும்.

"முள் நடுவில்தான் சார் இருந்தது" என்று எழுதியிருக்கிறாய். இருந்திருக்கும். வெப்பமானி முள்ளை இன்று பல கம்பெனிகள் வேண்டுமென்றே மந்தமாக்கி வைத்திருக்கின்றன. பெரிய இடைவெளிக்குள் வெப்பம் ஏறி இறங்கினாலும் முள் அசையாது. பல சிறிய கார்களில் முள்ளே கிடையாது, நீலமும் சிவப்புமாக ஒரு விளக்குதான். அதைவிட மோசமான விஷயம் இன்னொன்று உண்டு. வெப்ப உணரி திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். திரவமே போய்விட்டால் அது காற்றில் தொங்கிக்கொண்டு குறைந்த எண்ணைக் காட்டும். ஆகவே முள்ளை நம்பாதே, டப்பாவின் கோட்டைப் பார். இது மூடிய சுற்று. அளவு குறையவே கூடாது. ஆறு மாதமாகக் குறைந்தது என்றால் ஆறு மாதமாக எங்கோ ஒழுகியது என்று அர்த்தம். நீ ஊற்றிய ஒவ்வொரு சொம்பும் அந்த ஒழுகலை மறைத்தது.

இதே மெக்கானிக் அடுத்து உன்னிடம் "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாம், நம்ம வெயிலுக்கு அது தேவையில்லை" என்பார். சம்மதிக்காதே. அதைக் கழற்றினால் இன்ஜின் சூடேறவே நேரமாகும், எரிபொருள் கூடுதலாகப் போகும், எண்ணெயில் கசடு சேரும். சில வடிவமைப்புகளில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் பைபாஸ் வழி மூடும். அவற்றில் கழற்றிவிட்டால் பாதித் திரவம் ரேடியேட்டரைத் தொடாமலே சுற்றி வந்து, இன்ஜின் முன்னைவிடச் சூடாகும். கூலன்ட்டின் நிறத்தைப் பார்த்து வாங்காதே. பச்சையும் சிவப்பும் வெறும் சாயம். கையேட்டில் போட்டிருக்கும் தரத்தைப் பார். காய்ச்சி வடித்த நீரில்தான் கலக்க வேண்டும். பழைய வகை இரண்டு மூன்று வருடம், கரிம அமிலவகை ஐந்து வருடம் என்பது பொதுவான கணக்கு. சில நூறு ரூபாய்ச் செலவு.

இப்போது உன் கேள்வி, எந்தக் கம்பெனி? கம்பெனியின் பெயர் மட்டும் ஒன்றையும் சொல்லாது. எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ், எந்த வருடம், யார் வைத்திருந்தது என்று கேட்க வேண்டும். ஃபோக்ஸ்வாகனின் ஏழு கியர் டி.எஸ்.ஜி. பெட்டியை எடுத்துக்கொள். பொறியியலில் அந்தக் கம்பெனியைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் வாய் வராது. அந்தப் பெட்டியின் கோளாறால் 2013 மார்ச்சில் சீனாவில் மட்டும் 3,84,000-க்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. அதே வருடம் நவம்பரில் உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களின் கியர்பாக்ஸில் சின்தெடிக் எண்ணெயை எடுத்துவிட்டுக் கனிம எண்ணெய் ஊற்றச் சொன்னார்கள். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில் அந்த எண்ணெயே மின்கோளாறுக்கு வழிவகுத்தது. மறுபடியும் ஒரு திரவம்! எண்ணெயில் நனைந்தபடியே ஓடும் டைமிங் பெல்ட் கொண்ட இன்ஜின்களிலும் இதே கதைதான். குறித்த தரத்தில் எண்ணெய் ஊற்றாவிட்டால், காலம் கடந்து மாற்றினால், பெல்ட்டின் ரப்பர் உதிர்ந்து எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைக்கிறது. பெரிய ரிப்பேர்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு திரவத்தில் தொடங்குகின்றன என்பது என் நெடுநாள் கருத்து. யார் மறுத்தாலும் நான் அதை விடப்போவதில்லை.

ஒரு கம்பெனி வாங்கியதாக உன் கடிதத்தில் நீ சுட்டிக்காட்டிய தர விருதையும் கவனித்துப் படி. ஜே.டி. பவர் நிறுவனம் நடத்தும் ஆரம்பத் தர ஆய்வு முதல் 90 நாள் புகார்களைத்தான் எண்ணுகிறது. மூன்று வருடம் ஓடிய கார்களைக் கேட்கும் ஆய்வு வேறு. ஏழு வருடப் பழைய கார் வாங்குகிறவனுக்கு முதலாவது எதற்கு?

நம்பகத்தன்மை பற்றி நான் திரும்பத் திரும்பப் படிக்கிற அறிக்கை காரைப் பற்றியதே அல்ல. யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய நோலன், ஹீப் என்ற இருவர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக 1978-ல் எழுதியது. விமானப் பாகங்களை எண்ணிப் பார்த்ததில், 89 சதவீதம் பாகங்களுக்கு "இத்தனை மணி நேரம் ஓடினால் தேய்ந்து கெடும்" என்று சொல்லத்தக்க வயதே இல்லை. 68 சதவீதம் பாகங்கள் புதிதாகப் பொருத்திய உடனேதான் அதிகம் கெட்டன; அதைத் தாண்டினால் சீராக ஓடின. நன்றாக ஓடுவதைத் தேவையில்லாமல் கழற்றி மாட்டினால் புதுக் கோளாறு வரும் என்பதுதான் இதற்குப் பொருள். பிரேக் பேட், டயர், பெல்ட் தேயும் பொருள்கள். அவற்றை வயது பார்த்து மாற்றத்தான் வேண்டும். திரவங்களையும் அப்படித்தான். மற்றவற்றை விட்டுவிடு. உன் எஸ்டிமேட்டில் "இன்ஜெக்டர் கிளீனிங்" என்று ஒரு வரி இருக்கிறது. ஹெட் வளைந்ததற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அதை அடித்துவிடச் சொல்.

விலை ஏன் இவ்வளவு என்பதற்கும் வரலாறு உண்டு. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச் சந்தைக்குத் தராமல் முடக்கினார்கள் என்று 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியில் சர்வீஸ் செய்த ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யக்கூடாது என்றும் அந்த உத்தரவில் இருக்கிறது. அபராதம் மேல்முறையீடுகளுக்குப் போனது. ஆனால் வாரண்டியைக் காட்டி யாராவது உன்னை மிரட்டினால், எழுத்தில் தரச் சொல்லிக் கேட்க இந்த உத்தரவு உனக்குத் துணை.

கடைசியாக, செய்ய வேண்டியது. புது ஹெட்டுக்கு ஒப்புக்கொள்ளும் முன் இருக்கிற ஹெட்டை உன் கண்ணெதிரே அளக்கச் சொல். ஸ்ட்ரெயிட் எட்ஜை நீளவாக்கிலும் இரு மூலைவிட்டங்களிலும் வைத்து, ஃபீலர் கேஜ் எவ்வளவு நுழைகிறது என்று பார். விரிசல் இருக்கிறதா என்று அழுத்தச் சோதனையும் செய்யச் சொல். விரிசல் இல்லாமல், வளைவும் சீவிச் சமப்படுத்தக்கூடிய வரம்புக்குள் இருந்தால், இன்ஜின் ரீகண்டிஷன் பட்டறையில் சமப்படுத்தித் தருவார்கள். புது ஹெட் வேண்டியதில்லை. கையேட்டில் ஹெட் போல்ட்டை மறுமுறை பயன்படுத்தாதே என்று இருந்தால் போல்ட்டைப் புதிதாக வாங்கு, அங்கே சிக்கனம் பார்க்காதே. ரேடியேட்டரும் வாட்டர் பம்ப்பும் மாற்றட்டும். ஆறு மாதம் போர்வெல் தண்ணீர் குடித்தவை அவை. முதலில் எங்கே ஒழுகியது என்பதையும் காட்டச் சொல். ஹோஸ் கிளிப்பா, பிளாஸ்டிக் தொட்டியின் விளிம்பா, பம்ப்பின் சீலா? அதைக் கண்டுபிடிக்காமல் மூடினால் இந்த 74,000 மறுபடியும் வரும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி வை.

அளந்த எண்களை எனக்கு எழுதி அனுப்பு. நான் பார்த்துப் பதில் எழுதும்வரை பணம் கட்டாதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்