பழகுதலும் கைவருதலும்

ஒரு தொழிலைப் பன்னாள் செய்து தேர்ந்தவனை நோக்கி, "இஃது இவனுக்குக் கைவந்த தொழில்" என்கின்றோம். பழகுதல் நாம் செய்வது. கைவருதல் அதன் பின் வந்து சேர்வது. இவ்விரண்டையும் நம் மொழி வேறு பிரித்து வைத்திருக்கவும், நாம் பெரும்பாலும் ஒன்றென்றே மயங்குகின்றோம். மாலையில் விளையாட்டிடத்தில் பந்து நம் எண்ணப்படி சென்றதாயின், கற்றுவிட்டோம் என மகிழ்ந்து விடுதிக்குத் திரும்புகின்றோம். மறுநாள் அதே பந்து நம் சொற்கேளாதாயின், பழியைக் காற்றின்மேலும் மட்டையின்மேலும் ஏற்றுகின்றோம். இம்மயக்கத்தைக் குறித்து உளநூலார் செய்த சோதனைகள் சிலவற்றை ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

பலமுறை செய்தல் ஒன்றே போதும் என்னும் எண்ணம் முதற்கண் நீங்கவேண்டும். அமெரிக்க அறிஞராகிய தார்ன்டைக், கண்ணால் நோக்காமற் குறித்த நீளமுள்ள கோடு வரையுமாறு சிலரைப் பணித்தார். எத்துணை முறை வரைந்தும், அளவு சரியோ தவறோ என அறிவிக்கப்பெறாதவரையில் அவர்தம் கை திருந்தவில்லை. 1932-ஆம் ஆண்டில் டிரோபிரிட்ஜ், கேசன் என்னும் இருவர் இதனை மேலும் ஆராய்ந்தனர். மூன்று அங்குலக் கோடு வரைந்தவருள், "சரி", "தவறு" என்ற சொல் மட்டும் கேட்டவர் ஒருவாறு திருந்தினர். எவ்வளவு கூடிற்று, எவ்வளவு குறைந்தது என அரைக்கால் அங்குலக் கணக்கிற் கேட்டவரோ மிகவுந் திருந்தினர்.

அங்ஙனமாயின், ஆசிரியர் அருகில் நின்று ஒவ்வொரு பிழையையும் உடனுக்குடன் சுட்டுதலே நலமன்றோ எனின், அன்று என்க. 1990-இல் வின்ஸ்டைன், ஷ்மிட் என்பார், நெம்புகோல் ஒன்றைக் குறித்தபடி அசைக்கும் பயிற்சியை இரு சாரார்க்கு அளித்தனர். ஒரு சாரார்க்கு ஒவ்வொரு முறையும் பிழை அறிவிக்கப்பெற்றது. மற்றவர்க்குப் பாதி முறையே, அதுவும் நாளடைவிற் குறைத்துக் குறைத்து, அறிவிக்கப்பெற்றது. பயிற்சியில் இருவரும் ஏறக்குறைய ஒத்தே நின்றனர். மறுநாள் அறிவிப்பின்றிச் செய்யச் சொன்னபோது, குறைவாக அறிவிக்கப்பெற்றவரே விஞ்சினர். எப்பொழுதும் பிறர் வாயைப் பார்த்திருப்பவன் தன் தசையும் மூட்டும் தனக்கு உரைப்பதைக் கேளாதொழிகின்றான் போலும்.

இவற்றினும் வியப்பானது 1979-இல் ஷே, மார்கன் என்பார் வெளியிட்ட சோதனை. டென்னிசுப் பந்தொன்றைக் கையிலெடுத்து, சிறு மரத்தடைகளைக் குறித்த வரிசையில் தட்டி வீழ்த்தி, பந்தை உரிய இடத்தில் விரைந்து வைத்தல்வேண்டும். வரிசைகள் மூன்று, ஒவ்வொன்றும் 18 முறை, ஆக 54 முறை. ஒரு சாரார் முதல் வரிசையை முற்ற முடித்தபின்னரே இரண்டாவதைத் தொட்டனர். மற்றொரு சாரார்க்கு மூன்றும் மாறிமாறிக் கலந்து வந்தன. பயிற்சிப்பொழுதில் முன்னவர் விரைந்து செய்தனர், பின்னவர் தடுமாறினர். ஆயின் 10 நிமிடங் கழித்தும், பின்னர் 10 நாட் கழித்தும் சோதித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. தடுமாறியவரே தேர்ந்தவராயினர்.

காரணம் யாதெனின், இருவகையாகக் கூறுவர். மூன்றும் கலந்து வருங்கால் ஒன்றோடொன்றை ஒப்பிட்டு வேற்றுமை காண நேர்கின்றது என்பர் ஒருசாரார். ஒன்றை விட்டு மற்றொன்றிற் புகும்போது முன்னது ஓரளவு மறந்துபோக, மீளவரும்போது செயலை அடியிலிருந்து அமைத்துக்கொள்ள வேண்டியிருத்தலின், அவ்வமைத்தலே பயிற்சியாகின்றது என்பர் பிறர். எமக்குப் பின்னதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. தட்டெழுத்துப் பள்ளியில் ஒரே வரியை ஒரு தாள் நிறைய அடித்துவிட்டு, பின் கடிதமொன்று அடிக்கப் புகுந்தபோது விரல் தடுமாறியதை நம்முட் பலர் மறந்திரார். அவ்வரியின் இரண்டாம் முறை தொட்டே மனத்திற்கு வேலை இல்லாது போயிற்று; விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

இன்னும், தேர்ந்த கையும் ஒரு செயலை இருமுறை ஒரேபடி செய்வதில்லை. 1920-களில் மாஸ்கோ நகரில் சம்மட்டி வீச்சை நிழற்படமெடுத்து ஆராய்ந்த பெர்ன்ஷ்டைன், தோளும் முழங்கையும் மணிக்கட்டும் முறைக்கு முறை வேறுபட்டுச் செல்லவும், சம்மட்டியின் முனை மட்டும் ஏறக்குறைய ஒரே வழிப்படுவதைக் கண்டார். அவ்வினைஞன் பெற்றிருந்தது ஒரு குறித்த அசைவன்று. அவ்வப்போது வேண்டும் அசைவை ஆக்கிக்கொள்ளும் ஆற்றலே.

இவற்றுள் மாணாக்கராகிய நம்மை நேரே தொடுவது ஒன்றுண்டு. 2001-இல் சைமன், பியார்க் என்பார், விசைகளைக் குறித்த கால அளவில் அழுத்தும் பயிற்சியின் இடையிடையே, "நாளை எவ்வளவு நன்றாகச் செய்வீர்?" எனப் பயின்றாரையே வினவினர். ஒன்றையே அடுத்தடுத்துச் செய்தவர் மிக்க நம்பிக்கையோடு விடையிறுத்தனர். மறுநாள் அந்நம்பிக்கை பொய்த்தது. இடர்ப்படாமல் ஓடிய பயிற்சியே அவரை ஏமாற்றிற்று. தேர்வுக்கு முன்னிரவில் ஒரே கணக்கைப் பத்துமுறை போட்டுப் பார்ப்பவரும் இதனைச் சிறிது எண்ணுதல் நன்று.

இறகுப்பந்து ஆட்டத்தில் மூவகைப் பந்தீட்டையும் கலந்து பயின்றவரே பின்னர்ச் சிறந்தனர் என 1986-இல் குட், மாகில் என்பார் கண்டனர். எனினும், ஆய்வுக்கூடத்தில் தெளிவாகத் தோன்றும் இவ்வேற்றுமை விளையாட்டிடத்தில் அத்துணைப் பெரிதாகத் தோன்றுவதில்லை. மட்டையைப் பிடிக்கவே அறியாத சிறுவனிடம் மூன்றையும் ஒருங்கே கலந்து கொடுத்தால் அவன் மட்டையை எறிந்துவிட்டுப் போவான். அவனைச் சிலகாலம் ஒன்றையே செய்யவிடுதல் தகும். எப்பொழுது கலக்கத் தொடங்குவது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். அதனை அருகிருந்து காணும் ஆசிரியரே அறிவர்.