குப்பியில் எத்தனை மில்லிகிராம்?

அன்புள்ள நிலா,

உடல் எடை குறைக்கும் ஊசிக்காக டாலஸில் இருந்தபடி நான்கு ஆன்லைன் மருத்துவ நிறுவனங்களை ஒப்பிட்டுக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாய். நான்கிலும் மாதக் கட்டணம்தான் கொட்டை எழுத்தில் இருக்கும். அதைக் கடைசியில் பார்த்தால் போதும்.

வீட்டுக்கு வரப்போகும் மருந்து எது என்று முதலில் கேள். செமாகுளுட்டைடை நோவோ நோர்டிஸ்க் ‘வெகோவி’ என்ற பெயரில் விற்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021 ஜூனில் அதை அனுமதித்தது. எலி லில்லியின் டிர்செபடைடு, ‘செப்பவுண்ட்’ ஆக 2023 நவம்பரில் அனுமதி பெற்றது. இவை தவிர, மருந்தகமே கலந்து குப்பியில் அடைத்துத் தரும் சரக்கும் உண்டு. அதன் தரத்தை விற்பனைக்கு முன் எஃப்.டி.ஏ. சோதிப்பதில்லை. அசல் மருந்துக்குத் தட்டுப்பாடு இருந்தபோது சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. அந்த வாசல் வழியாகத்தான் ஹிம்ஸ் அண்ட் ஹெர்ஸ் என்ற ஆன்லைன் மருத்துவ நிறுவனம், மாதம் 199 டாலர் முதல் என்று 2024 மே மாதம் கடை விரித்தது. 2025 பிப்ரவரியில் செமாகுளுட்டைடு தட்டுப்பாடு தீர்ந்ததாக எஃப்.டி.ஏ. அறிவித்தது. ஏப்ரலில் ஹிம்ஸும் நோவோவும் கைகோத்தன. ஜூனில் நோவோ உறவை முறித்துக்கொண்டது. கலவை மருந்து விற்பனை தொடர்ந்ததுதான் சண்டைக்குக் காரணம். ‘உங்களுக்கென்றே தயாரித்த டோஸ்’ என்று எங்காவது கண்டால், பெரும்பாலும் கலவை மருந்துதான்.

குப்பியில் இன்னொரு சிக்கல், கணக்கு.

மருத்துவர் மில்லிகிராமில் சொல்வார். சிரிஞ்சிலோ யூனிட் கோடுகள் இருக்கும். இன்சுலின் சிரிஞ்சில் 100 யூனிட் என்பது ஒரு மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டரில் 2.5 மில்லிகிராம் செமாகுளுட்டைடு கரைந்திருந்தால், ஆரம்ப டோஸான 0.25 மில்லிகிராமுக்கு 10 யூனிட் இழுக்க வேண்டும். அடுத்த மாதம் வேறு மருந்தகம் 5 மில்லிகிராம் கரைசலை அனுப்பினால், பழக்கத்தில் அதே கோடு வரை இழுப்பவருக்கு இரட்டை டோஸ் ஏறிவிடும். 2024 ஜூலையில் எஃப்.டி.ஏ. இதற்காகவே எச்சரிக்கை விடுத்தது: சிலர் 5 முதல் 20 மடங்கு வரை ஏற்றிக்கொண்டு, வாந்தியும் மயக்கமுமாக மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். கணக்கில் தவறியவர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள்! லில்லியும் செப்பவுண்டைக் குப்பியில் விற்கிறது. ஆனால் அதில் ஒரு குப்பிக்கு ஒரே டோஸ்.

அடுத்தது மருத்துவர். பி.எம்.ஐ. 30, அல்லது 27-உடன் ரத்த அழுத்தம் போன்ற ஏதாவது நோய்: பெரியவர்களுக்கு இந்த மருந்துகளை எழுதுவதற்கான வரம்பு இதுதான். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் வந்திருந்தால் கூடவே கூடாது. கணையம் முன்பு வீங்கியதுண்டா என்றும் கேட்டாக வேண்டும். உன் வயதுப் பெண்ணிடம் இன்னும் இரண்டு விஷயங்கள் பேச வேண்டும். கருத்தரிக்கத் திட்டமிட்டால் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே வெகோவியை நிறுத்த வேண்டும். டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைக்கக்கூடும். இதெல்லாம் கேட்காமல், படிவத்தை நிரப்பியதுமே பணம் கட்டச் சொல்லும் இடத்தை அப்போதே மூடிவிடு. ‘உங்களுக்கு இது வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்த மருத்துவர் அங்கே இருக்க வாய்ப்பில்லை.

இப்போது விலைக்கு வருவோம். வெகோவி ஆய்வொன்றில் 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. ஊசியை நிறுத்தியபின் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களுக்கு, குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பிவிட்டது. ஆகவே இது நீண்ட நாள் செலவு; முதல் மாதச் சலுகையை நம்பிக் கணக்குப் போடாதே. 0.25-இல் தொடங்கும் டோஸ் படிப்படியாக 2.4 மில்லிகிராம் வரை ஏறும்போது என்ன விலை, உறுப்பினர் கட்டணத்துக்குள் மருந்து அடங்குமா, பாதியில் விலகினால் முன்பணம் வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்கு.

மருந்தகத்தின் பெயரைச் சொல்ல மறுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்து. சொன்னால், டெக்சாஸ் மருந்தக வாரியத்தின் இணையதளத்தில் அதன் உரிமத்தைத் தேடு; வெளிமாநிலத்திலிருந்து அனுப்பும் மருந்தகத்துக்கும் அங்கே உரிமம் வேண்டும்.

அன்புடன்,
சித்தி