வியாபார நிர்வாகமும் செயற்கை நுண்ணறிவும்

நிர்வாகம் என்பது யாது? பொருள், ஆள், காலம் என்னும் மூன்றையும் ஆராய்ந்து, செய்யத்தக்கது இது, விடத்தக்கது இது எனத் தீர்மானித்தலே அதன் உயிர்நிலையாகும். ஹெர்பர்ட் சைமன் என்னும் அமெரிக்க அறிஞர், 1947-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், மனிதர் அறிவு எல்லைக்குட்பட்டதாதலின், எல்லா வழிகளையும் அவற்றின் விளைவுகளையும் அறிந்து தீர்மானித்தல் எவர்க்கும் இயலாதென விளக்கினார். 1956-இல் தர்க்கத் தேற்றங்களை நிறுவும் கணினி நிரலை ஆலன் நியூவெல் முதலியோருடன் இயக்கிக் காட்டியவரும் அவரே. ஆகவே இவ்விரு துறைகளும் தொடக்கமுதலே உறவுடையன.

செயற்கை நுண்ணறிவு பழைய கணக்குகளினின்றும் ஓர் ஒழுங்கைக் கண்டு, வருவதை அனுமானிக்கின்றது. எத்துணைச் சரக்கு வேண்டும், எவர்க்குக் கடன் கொடுக்கலாம் என்பனவற்றை நொடிப்பொழுதில் உரைக்கின்றது. இப்பயன் மறுக்கற்பாலதன்று.

நிற்க. அமெரிக்காவிலுள்ள ஜில்லோ கம்பெனி, யந்திரத்தைக்கொண்டு வீடுகளின் விலையை மதிப்பிடுவதிற் பேர்பெற்றது. 2018-இல் அம்மதிப்பீட்டின் துணைகொண்டு தானே வீடுகளை வாங்கி, செப்பனிட்டு விற்கத் தொடங்கிற்று. சில மாதங்களுக்குப்பின் நிலவும் விலையை முன்னறிதல் அரிதாயிற்று. 2021-இல் வாங்கிய வீடுகளின் மதிப்பை 30 கோடி டாலருக்கு மேற் குறைத்தெழுதி, அவ்வாண்டு நவம்பரில் அவ்வியாபாரத்தை நிறுத்துவதாக அறிவித்தது. ஊழியரில் ஏறக்குறைய 25 விழுக்காட்டினரை நீக்கவும் முடிவு செய்தது. மதிப்பிட்டது யந்திரமே, ஆயினும் அதனை நம்பி வாங்குக எனக் கட்டளையிட்டவர் மனிதரன்றோ?

மற்றொன்று. அமேசான் கம்பெனி 2014 முதல் வேலை விண்ணப்பங்களைத் தரம்பிரிக்கும் ஏற்பாடொன்றை ஆக்கிற்று. அது கற்ற பழைய விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஆடவருடையன. ஆகவே மகளிரைக் குறிக்கும் சொல் வந்த விண்ணப்பங்களையும், சில மகளிர் கல்லூரிகளிற் பயின்றோரையும் அது தாழ்த்திற்று. அவ்வேற்பாடு கைவிடப்பட்டது, 2018-இல் இச்செய்தி வெளியாயிற்று. பழைய வழக்கிலிருந்த கோணலை யந்திரம் நீதியென்றே கற்றுக்கொண்டது.

மாணவ நண்பர்களே, உங்களுட் சிலர் நாளை நிர்வாகிகளாவீர். யந்திரம் விடை கூறுங்கால், அஃது எக்கணக்கிலிருந்து கற்றது, பிழைப்பின் நட்டம் யாரைச் சாரும், பாதிக்கப்பட்டார்க்கு மறுமொழி கூறுவார் யார் என மூன்று கேள்விகளை வினவுமின். அனுமானத்தை யந்திரத்திடம் ஒப்புவிக்கலாம். பொறுப்பை ஒப்புவித்தல் ஆகாது.