லேப்டாப்பைத் திறந்தால் வீட்டுக்கே நெட் போகிறதா?

மற்ற நேரமெல்லாம் ஒழுங்காக ஓடும் வைஃபை, குறிப்பிட்ட ஒரு லேப்டாப்பைத் திறந்ததும் படுத்துவிடுகிறது. ஹாலில் டிவி வட்டமடித்து நிற்கிறது, அறையில் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு உறைகிறது, சமையலறையிலிருந்து “யாருடா நெட்ட ஆஃப் பண்ணது?” என்று குரல் வருகிறது. லேப்டாப்பை மூடியதும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் பழையபடி. இதைச் சொன்னால் இணைப்புக் கொடுத்தவர் நம்ப மாட்டார். “ஒரு லேப்டாப் எப்படி சார் மொத்த வீட்டையும் நிறுத்தும்? வேற ஏதாவது இருக்கும்” என்பார்.

நிறுத்தும். ஒன்றுக்கு நாலு வழியில் நிறுத்தும். ஆனால் அதற்கு நாம் வீட்டில் சொல்லிக்கொள்ளும் காரணங்கள் பெரும்பாலும் தப்பு. தப்பான காரணத்தை நம்பிப் புது ரவுட்டர் வாங்குகிறோம், பிளானை ஏற்றுகிறோம், கடைசியில் லேப்டாப்பை ஃபார்மட் அடிக்கிறோம். “எது நிறுத்துகிறது?” என்று தேடக் கிளம்புவதற்கு முன் “எப்படி நிற்கிறது?” என்று இரண்டு நாள் கவனித்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். மெதுவாகிறதா, திக்கித் திக்கி வருகிறதா, எல்லோருக்கும் ஒரே நொடியில் அறுந்து ஒரு நிமிடம் கழித்து வருகிறதா? ஒவ்வொன்றும் வேறு வேறு நோய்.

“அது பவர்ஃபுல் லேப்டாப், சிக்னலை எல்லாம் இழுத்துக்கொள்கிறது”

சிக்னலை யாரும் இழுக்க முடியாது. ரவுட்டர் அனுப்பும் அலையை ஒரு கருவி வாங்கிக்கொள்வதால் இன்னொன்றுக்குப் போவது குறைவதில்லை. தட்டுப்பாடு வருவது நேரத்தில். ஒரு சேனலில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேசலாம். மற்றவர்கள் காது கொடுத்துக் காத்திருந்து, காற்று காலியானதும் தங்கள் முறையை எடுத்துக்கொள்ள வேண்டும். வைஃபையின் அடிப்படை விதியே இதுதான்.

குழாயடி வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு குடம் என்பது நியாயமான விதிதான். ஆனால் ஒருவர் குடத்தின் வாய் மட்டும் ஊசித்துளை அளவுக்கு இருந்தால், அவருடைய ஒரு குடத்துக்குள் மொத்த வரிசையும் வெயிலில் காய்ந்துவிடும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். வழக்கமான ஒரு தரவுப் பொட்டலம் 1,500 பைட், அதாவது 12,000 பிட். நொடிக்கு 54 மெகாபிட் வேகத்தில் இணைந்திருக்கும் கருவி அதை அனுப்ப ஏறக்குறைய 0.22 மில்லிநொடி காற்றைப் பிடித்துவைத்திருக்கும். அதே பொட்டலத்தை 1 மெகாபிட் வேகத்துக்குச் சரிந்துவிட்ட கருவி அனுப்ப 12 மில்லிநொடி ஆகும். ஐம்பது மடங்குக்கும் மேல். பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் 2003-லேயே இதை எழுதிக் காட்டினார்கள்: மற்ற கருவிகளெல்லாம் 11 மெகாபிட்டில் இருந்தாலும், ஒன்று 1 மெகாபிட்டுக்கு இறங்கினால் எல்லோருடைய வேகமும் அதன் அளவுக்குச் சரிந்துவிடுகிறது. பிற்காலத்து ரவுட்டர்கள் பலவற்றில் பொட்டலத்துக்குப் பதில் நேரத்தைப் பங்கிடும் வசதி வந்திருக்கிறது, எல்லாவற்றிலும் இல்லை.

ஆக, குற்றவாளி பவர்ஃபுல் லேப்டாப் அல்ல, நோஞ்சான் லேப்டாப். மூலை அறையில், இரண்டு சுவர் தாண்டி, ஆன்டெனாக் கம்பி உள்ளே கழன்று கிடக்கும் பழைய லேப்டாப். கீலோ திரையோ மாற்றக் கடையில் கொடுத்து வாங்கிய பிறகு தொல்லை ஆரம்பித்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் கம்பியைத்தான். பெரும்பாலான லேப்டாப்களில் ஆன்டெனா திரையின் ஓரத்தில் இருக்கும். அதன் மெல்லிய கம்பிகள் கீல் வழியாக இறங்கி வைஃபை அட்டையில் சின்னப் பொத்தான் போலப் பொருந்தும். அந்தப் பொத்தானை அழுத்தி மாட்ட மறந்தாலும் லேப்டாப் வேலை செய்யும், பக்கத்தில் இருக்கும்வரை. ரவுட்டர் இருக்கும் அறைக்கே அந்த லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்து, வீட்டு வேகம் திரும்புகிறதா என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

இதிலேயே இன்னொரு வகை உண்டு. லேப்டாப்பின் டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டையைத் திறந்து ‘அட்வான்ஸ்டு’ பக்கம் போனால், இன்டெல் அட்டைகள் பலவற்றில் ‘ஃபேட் சேனல் இன்டாலரன்ட்’ என்று ஒரு வரி இருக்கும். அதை யாராவது ‘எனேபிள்’ செய்து வைத்திருந்தால், 2.4 கிகாஹெர்ட்ஸில் 40 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் வேண்டாம் என்று அந்த லேப்டாப் அறிவித்துக்கொண்டே இருக்கும். விதியை மதிக்கும் ரவுட்டர் 20 மெகாஹெர்ட்ஸுக்குச் சுருங்கும், எல்லோருக்குமாக. நெருக்கமான அடுக்குமாடியில் அந்தச் சுருக்கம் நல்லதே என்பது வேறு கதை.

“பிளானை ஏற்றினால் சரியாகிவிடும்”

வேகம் குறையவில்லை, ஆனால் எல்லாம் திக்குகிறது. வீடியோ கால் மட்டும் உயிரை வாங்குகிறது. இப்படியானால் சந்தேகத்தைக் காற்றிலிருந்து கம்பிக்கு நகர்த்துங்கள். லேப்டாப் விழித்ததும் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, நேற்று சேர்ந்த படங்களையும் கோப்புகளையும் கிளவுடுக்கு ஏற்றுவது. ஏற்றும் வழி குறுகலாக இருந்தால் பொட்டலங்கள் ரவுட்டரின் நினைவகத்தில் வரிசை கட்டும். 256 கிலோபைட் கொள்ளும் ஒரு வரிசை 1 மெகாபிட் அப்லோடு வேகத்தில் வடிய இரண்டு நொடி ஆகும். டிவி கேட்கும் அடுத்த காட்சிக்கான கோரிக்கையும், பிள்ளை பேசும் அடுத்த சொல்லும் அந்த வரிசையின் வாலில்தான் நிற்க வேண்டும். அமெரிக்கப் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் 2010 வாக்கில் தன் வீட்டில் பார்த்துத் திகைத்து ‘பஃபர்புளோட்’ என்று பெயர் வைத்தது இதற்குத்தான்.

டவுன்லோடு வேகத்தை மட்டும் கூட்டித் தரும் பிளானால் இதற்குப் பயன் இல்லை. அப்லோடும் சேர்ந்து கூடினால் வலி குறையும்; ஆனால் கிளவுடு ஏற்றத்துக்கு வேக வரம்பு போட்டாலே காசு செலவில்லாமல் அதே பலன் கிடைக்கும். விண்டோஸ் 10, 11-இல் ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ என்ற பகுதியையும் பார்த்துவிடுங்கள். அப்டேட்டின் துண்டுகளை மற்றக் கணினிகளுக்கு உங்கள் லேப்டாப் அனுப்பிக்கொடுக்கும் ஏற்பாடு அது. ரவுட்டரில் இந்த வரிசையை நீளவிடாமல் வைக்கும் ‘எஸ்கியூஎம்’ என்ற வசதி இருந்தால் ஆன் செய்யலாம்.

காற்றா, கம்பியா என்று பிரித்துப் பார்க்க ஒரு சோதனை. தொல்லை நடக்கும்போதே வேறொரு கணினியிலிருந்து ரவுட்டரின் முகவரிக்கு பிங் அடியுங்கள், கூடவே வெளியே இணையத்தில் இருக்கும் 8.8.8.8 என்ற முகவரிக்கும் அடியுங்கள். பல வீடுகளில் ரவுட்டர் முகவரி 192.168.1.1 ஆக இருக்கும். ரவுட்டர் சில மில்லிநொடியில் பதில் சொல்லி, வெளி முகவரி மட்டும் நூறு, ஆயிரம் என்று ஏறினால் வெளியே போகும் கம்பியில் நெரிசல். ரவுட்டரே பதில் சொல்லத் திணறினால் சிக்கல் வீட்டுக்குள்தான். வேகம் அளக்கும் ஆப்பைப் பத்து முறை ஓட்டுவதைவிட இது ஒரு முறை போதும்.

“எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கட் ஆனால் ரவுட்டர்தான் அவுட்”

எனக்கு மிகவும் பிடித்த நம்பிக்கை இது, ஏனென்றால் கேட்க அவ்வளவு நியாயமாக இருக்கிறது. ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிறது, அப்படியானால் ரவுட்டர்தானே? ஆனால் ரவுட்டரை அணைத்தால் அந்த லேப்டாப்பும் சேர்ந்துதான் துண்டிக்கப்படுகிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

பழைய ரவுட்டர் உள்ள வீட்டில், அந்த லேப்டாப் இணைந்த சிறிது நேரத்தில் எல்லாக் கருவிகளும் ஒன்றாக அறுந்து, கடிகாரம் பார்த்தால் சுமார் ஒரு நிமிடம் கழித்துத் திரும்பினால், ரவுட்டர் பழுதாகவில்லை, தற்காப்பில் இருக்கிறது. 2003-இல் வந்த டபிள்யூபிஏ பாதுகாப்பின் ‘டிகேஐபி’ முறை, அன்றைய பலவீனமான சில்லுகளிலும் ஓட வேண்டும் என்று செய்யப்பட்டது. பொட்டலத்தை யாரும் திருத்தவில்லை என்று சரிபார்க்கும் அதன் முத்திரைக்கு ‘மைக்கேல்’ என்று பெயர். முத்திரை பலவீனமானது என்பது வடிவமைத்தவர்களுக்கே தெரியும். அதனால் ஒரு கடுமையான விதியைச் சேர்த்தார்கள்: 60 நொடிக்குள் இரண்டு முறை முத்திரை பொருந்தாவிட்டால், தாக்குதல் என்று கொண்டு டிகேஐபி இணைப்புகள் எல்லாவற்றையும் 60 நொடி வெளியே தள்ளு. கோளாறான டிரைவர் உள்ள ஒரு லேப்டாப் தப்பு முத்திரையோடு பொட்டலம் அனுப்பினால் போதும், தாக்குபவர் யாருமே இல்லாமல் வீடே தண்டனை அனுபவிக்கும். ரவுட்டரில் பாதுகாப்பை ‘டபிள்யூபிஏ2 – ஏஇஎஸ்’ மட்டும் என்று மாற்றினால் இந்தக் கதை அன்றோடு முடிந்தது. ‘டிகேஐபி + ஏஇஎஸ்’ என்ற கலப்பட அமைப்பு இன்னும் சில வீடுகளில் அப்படியே கிடக்கிறது.

ரவுட்டர் நிஜமாகவே தொங்கிப்போய், அப்போதும் குற்றம் அதனுடையதாக இல்லாமல் போனதும் உண்டு. 2018 ஜனவரியில் டிபி-லிங்க் உள்ளிட்ட பல ரவுட்டர்கள் காரணமில்லாமல் செயலிழப்பதாகப் புகார் கிளம்பியது. ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று வீட்டு நெட்வொர்க்குக்கு அறிவிக்கும் பொட்டலங்களை, கூகுள் காஸ்ட் வசதியுள்ள கருவிகள் தூங்கி எழுந்ததும் மொத்தமாகக் கொட்டின. சாதாரணமாக 20 நொடி இடைவெளியில் போக வேண்டியவை, நீண்ட தூக்கத்துக்குப் பின் ஒரு லட்சத்தைத் தாண்டியதாக டிபி-லிங்க் விளக்கியது. கூகுள் தன் பக்கம் மென்பொருளைத் திருத்திய பிறகே அடங்கியது. அதற்குள் எத்தனை பேர் நல்ல ரவுட்டரைத் தூக்கிப் போட்டார்களோ.

முகவரி மோதலும் இந்த ரகம்தான். அலுவலகத்தில் ஏதோ கருவியை அமைப்பதற்காக லேப்டாப்பில் கையால் 192.168.1.1 என்று போட்டுவிட்டு, அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தால், வீட்டில் அந்த முகவரி ரவுட்டருடையது. விண்டோஸ் பெரும்பாலும் மோதலைக் கண்டு எச்சரிக்கும். ஒவ்வொரு முறையும் என்று சொல்ல முடியாது. லேப்டாப்பில் இணையப் பகிர்வை ஆன் செய்து மறந்திருந்தால் அதுவே குட்டி ரவுட்டராகி முகவரி விநியோகிக்கத் தொடங்கும். நெட் வராத போனில் வைஃபை விவரத்தைத் திறந்து பாருங்கள். ஹாட்ஸ்பாட்டில் சேராமலேயே முகவரி 192.168.137 என்று தொடங்கினால், கொடுத்தது ரவுட்டர் அல்ல, விண்டோஸ்.

“மூடி வைத்த லேப்டாப் என்ன செய்துவிடும்?”

திறந்த லேப்டாப்பைவிட மூடிய லேப்டாப் பொல்லாதது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் மேசையில் லேப்டாப்பைச் செருகிவைக்கும் ‘டாக்’ பெட்டி ஒன்று வைத்து, அதிலிருந்து ரவுட்டருக்கு லேன் கேபிள் போட்டிருப்பார்கள். லேப்டாப் தூங்கினாலும், ஏன், பிடுங்கி எடுத்துப் போனாலும், டாக்குக்குத் தனி மின்சாரம் வருவதால் அதன் உள்ளே இருக்கும் லேன் சில்லு விழித்திருக்கும். ஈதர்நெட்டில் ‘கொஞ்சம் நிறுத்து, என்னால் வாங்க முடியவில்லை’ என்று சொல்ல ஒரு பொட்டலம் உண்டு. பாஸ் ஃபிரேம் என்பார்கள். கிகாபிட் இணைப்பில் ஒரு பாஸ் ஃபிரேம் அதிகபட்சம் சுமார் 33 மில்லிநொடி நிறுத்தி வைக்கும். சில யுஎஸ்பி லேன் சில்லுகள், எதிர்முனையில் கேட்க ஆள் இல்லாதபோது உள்ளே நிரம்பி வழிந்து, இதை இடைவிடாமல் அனுப்புகின்றன. ரவுட்டரின் சுவிட்ச் மரியாதையாக நிறுத்துகிறது; அந்த வாசலுக்குப் போக வேண்டியவை தேங்கித் தேங்கி, மலிவான சுவிட்சாக இருந்தால் பொது நினைவகம் முழுவதும் அடைந்துவிடுகிறது. வைஃபையில் இருப்பவர்களுக்கும் சேர்த்து நெட் நிற்கிறது. இன்டெல்லின் சில லேன் சில்லுகளிலும், 2010-களின் நடுவில், தூக்க நிலையில் ஐபிவி6 பொட்டலங்களை வெள்ளமாகக் கொட்டும் டிரைவர் கோளாறு இருந்தது. டிரைவர் அப்டேட்டில் சரியானது.

மருந்து எளிது: நெட் நிற்கும்போது டாக்கின் லேன் கேபிளைப் பிடுங்குங்கள். நொடியில் உயிர் வந்தால் ஆள் சிக்கினான்.

“வைரஸ்தான், ஃபார்மட் அடித்தால் போச்சு”

இருக்கலாம், அரிதாக. ஃபார்மட் அடித்ததும் சரியானால்கூட, போனது வைரஸா பழைய டிரைவரா என்று யாருக்கும் தெரியாது.

“ரவுட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தால் பிரச்சினையே இல்லை”

மேசையில் ரவுட்டர், அதை ஒட்டி லேப்டாப், லேப்டாப்பில் யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க். படம் காப்பி ஆகும்போதெல்லாம் வயர்லெஸ் மவுஸ் தடுமாறுகிறது, வைஃபை தள்ளாடுகிறது. யுஎஸ்பி 3-இன் 5 கிகாபிட் ஓட்டம் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சல் கக்குகிறது என்று இன்டெல்லே 2012-இல் ஆவணமாக வெளியிட்டிருக்கிறது. டிஸ்கை நீளமான, நன்றாகக் கவசமிட்ட கேபிளில் தள்ளி வையுங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறுங்கள். அதை 5ஜி என்று நினைத்து ‘நம்ம போன்ல 5ஜி இல்லையே’ என்று ஒதுங்குபவர்கள் உண்டு. இரண்டுக்கும் எண்ணைத் தவிர உறவில்லை.

இத்தனையும் பார்த்த பிறகும் சந்தேகம் லேப்டாப்பின் வைஃபை அட்டை மேலேயே நின்றால், பணம் செலவழிக்கும் முன் டிரைவரை மாற்றிப் பாருங்கள். லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணுக்கு உரியதை எடுங்கள். சமீபத்திய அப்டேட்டுக்குப் பின்தான் தொல்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக்’ கொடுத்து முந்தையதற்குத் திரும்புங்கள். அதற்கும் அடங்காவிட்டால் உள்ளே இருக்கும் வைஃபையை ‘டிசேபிள்’ செய்து, யாரிடமாவது ஒரு யுஎஸ்பி வைஃபை டாங்கிளை இரவல் வாங்கி ஒரு வாரம் ஓட்டுங்கள். வீடு அமைதியானால் அட்டையையோ அதன் கம்பியையோ மாற்றலாம். பல மாடல்களில் அட்டை கழற்றி மாட்டக்கூடியதே. டாங்கிளைச் செருகும்போது மட்டும், ஹார்டு டிஸ்க் இருக்கும் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கத்து யுஎஸ்பி 2 துளையில் செருகுங்கள்.