ஈயம் எங்கே தங்குகிறது?

சித்தூர்

அன்புள்ள கயல்,

திருப்பதியில் கல்லூரிக்குப் போகும் வழியில் பேட்டரித் தொழிற்சாலை கண்ணில் படுகிறது, அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு ரத்தத்தில் ஈயம் பார்ப்பது ஏன் என்று கேட்டிருந்தாய். 2021 ஏப்ரல் கடைசியில், கரகம்பாடியிலும் நம் சித்தூர் பக்கத்திலும் உள்ள அமர ராஜா பேட்டரி ஆலைகளை, ஈய மாசைக் காரணம் காட்டி, மூடச் சொல்லி ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது. நிறுவனம் உயர் நீதிமன்றம் போய் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை வாங்கியது. யார் பக்கம் நியாயம் என்று நான் பஞ்சாயத்து பண்ண வரவில்லை. ரத்த ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

பேட்டரித் தகடு ஈயத்தால் ஆனது. உருக்கும்போது புகையாகவும் மற்ற வேலைகளில் தூசாகவும் மூச்சோடு உள்ளே போகும். கழுவாத கையால் சோறு பிசைந்தால் வயிற்றுக்கும் போகும். ரத்தத்தில் ஏறிய ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகிவிடும். அத்தனையும் சிறுநீரில் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. கால்சியம் போலவே அதுவும் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வளர்ந்தவர் உடம்பிலுள்ள ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் அங்கேதான், அதுவும் பல பத்தாண்டுகளுக்கு. வேலையை விட்டவரின் ரிப்போர்ட்டில் எண் இறங்கியிருக்கலாம், எலும்பு காலியாகியிருக்காது. கர்ப்ப காலத்தில் குழந்தைக்காக எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கப்படும்போது, பழைய ஈயமும் கூடவே கிளம்பி நஞ்சுக்கொடியைத் தாண்டிவிடும்.

அளவுகளோ மிகச் சிறியவை. குழந்தையின் 100 மில்லி ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராம் வந்தாலே கவனிக்க வேண்டும் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுக்கும்போது தோலில் ஒட்டிய தூசியே எண்ணை ஏற்றிவிடும். அதனால்தான் முதலில் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்கிறார்கள். அதில் எண் கூடுதலாக வந்தால், சிரையில் ரத்தம் எடுத்து, உலோகம் கலக்காத தனிக் குழாயில் பிடித்து மறுபடி பார்ப்பார்கள்.

ரத்தத்தின் எண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பதில் செம்பின் கதை இன்னும் விசித்திரம். வில்சன் நோய் என்று ஒரு பரம்பரைக் கோளாறு. கல்லீரலில் செம்பு குவிந்து கிடக்கும். ரத்தப் பரிசோதனையிலோ பெரும்பாலும் குறைவாகக் காட்டும். செம்பைச் சுமந்து போகும் புரதம் ரத்தத்தில் குறைந்துவிடுவதே காரணம். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, ராத்திரி செம்புப் பானையில் ஊற்றி வைத்த தண்ணீரைக் குடி என்று வைத்தியம் சொல்லும் பெரியவர்கள் நம் வீட்டிலேயே உண்டு. டாக்டர் அந்தத் தாளோடு நிற்கமாட்டார். 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவரச் சொல்வார், கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் தெரிகிறதா என்று பார்ப்பார், தேவைப்பட்டால் கல்லீரலிலிருந்தே ஒரு துணுக்கு எடுப்பார். கூடப்பிறந்தவர்களையும் அழைத்துவரச் சொல்வார்.

அன்புடன்,
மாமா