விரல் ரேகையும் வாக்குச் சாவடியும்

வாக்களிக்க வந்து நிற்பவர் பட்டியலில் உள்ள அதே ஆள்தானா? தேர்தல் நடத்தும் எல்லா நாடுகளுக்கும் உள்ள கேள்வி இது. இதற்கு விடை காண மேற்கு ஆப்பிரிக்க நாடான கானா 2012ஆம் ஆண்டில் செய்த பெரு முயற்சியை நாம் இங்குக் காண்போம்.

அவ்வாண்டு சுமார் 1 கோடியே 40 லட்சம் வாக்காளரின் விரல் ரேகைகளும் முகப் படமும் அங்குப் பதிவு செய்யப்பட்டன. விரல் நுனியிலுள்ள மேட்டுக் கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே கிளை பிரிகின்றன என்பதைக் கருவி புள்ளிகளாகக் குறித்துக்கொள்ளும். பட்டியல் தயாராகும்போது ஒருவருடைய ரேகையை மற்ற எல்லாருடைய ரேகையோடும் ஒப்பிட்டு, இருமுறை பதிந்தவரைக் கண்டுபிடிக்கலாம். தேர்தலன்றோ, வந்தவரின் விரலை அவர் பெயரில் உள்ள ரேகையோடு மட்டும் ஒப்பிட்டால் போதும். முன்னதற்குப் பெரிய கணிப்பொறி தேவை; பின்னதைக் கைக்கு அடங்கும் கருவியே செய்துவிடும்.

டிசம்பர் 7 அன்று வாக்குப்பதிவு. சரிபார்க்காமல் வாக்கில்லை என்பது விதி. சில சாவடிகளில் கருவிகள் பழுதுபடவே, அங்கு மறுநாளும் வாக்குப்பதிவு தொடர்ந்தது. மண்வெட்டி பிடித்தும் கல் சுமந்தும் தேய்ந்த விரலையோ நல்ல கருவியும் எளிதில் படிப்பதில்லை. (பாத்திரம் துலக்கித் துலக்கி வழவழப்பான நம் அன்னையரின் விரல்களும் அப்படித்தான்!) கள்ள வாக்கைத் தடுக்க வந்த கருவி, உழைப்பாளியின் நல்ல வாக்கைத் தடுத்தால் அதுவும் அநீதியே என்பது நம் எண்ணம்.

ஜான் மகாமா 50.70 விழுக்காடு வாக்குகளுடன் வென்றதாக அறிவிக்கப்பட்டது. நானா அகுஃபோ அடோவுக்குக் கிடைத்தவை 47.74 விழுக்காடு. தோற்ற தரப்பினர் உச்ச நீதிமன்றம் சென்றனர். சரிபார்க்காமலே பலர் வாக்களித்தனர். சில இடங்களில் கணக்குக்கு மேல் வாக்குகள் விழுந்தன. முடிவுத் தாள்களில் தலைமை அலுவலரின் கையொப்பம் இல்லை என்றெல்லாம் வாதிட்டனர். விசாரணையை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அங்கு நாள்தோறும் புரட்டப்பட்டவை இளஞ்சிவப்பு நிறக் காகிதங்கள்! ஒவ்வொரு சாவடியிலும் வாக்குகளை எண்ணி, கையால் எழுதி, கையொப்பமிட்ட தாள்கள் அவை. வந்தவர் யார் என்று கருவி சொல்லும். எண்ணிக்கை சரிதானா என்று அது சொல்லாது. அதற்கு அலுவலரும் வேட்பாளர்களின் முகவர்களுமே சாட்சி.

ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2013 ஆகஸ்டு 29 அன்று பெரும்பான்மைத் தீர்ப்பால் வழக்கைத் தள்ளுபடி செய்தது. தோற்றவர் அன்றே வென்றவரை வாழ்த்தினார்.

2020ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் புதிய பட்டியலும் புதிய கருவிகளும் வந்தன. விரலோடு முகத்தையும் கொண்டு அடையாளம் காணும் வசதி அவற்றில் இருந்தது.